உழாதே... தோண்டாதே!

போன் அலறியது.

அவள் கை நீட்டுவதற்குள் பெரியவர் பாய்ந்து வந்து ரிசீவரைப் பிடுங்கினார். பெரியவர் அவள் கணவனின் அண்ணன். அந்த வீட்டில் போன் அவருக்கு மட்டும்தான்.

"யாரு..? மானிய ஆபீஸா..? நிலத்தை உழுதேனா..? எந்தப் படுபாவி சார் சொன்னான்..?"

முகம் கறுத்துப் போனது.

வயலைச் சும்மா போட்டு வைத்தால் மண் தேறும் என்று அரசாங்கம் வருஷா வருஷம் மானியம் கொடுத்தது. ஒரே நிபந்தனை. உழக் கூடாது! பெரியவர் காலை ஆட்டிக்கொண்டே அதை வாங்கித் தின்றார்.

"போதும்ண்ணே, இந்த வருஷம் விதைப்போம்" என்று மல்லுக்கு நின்றான் தம்பி. அவள் புருஷன்.

மறுநாள் காலை... ஆளைக் காணோம்!

வேலை தேடி வெளியூர் போய்விட்டான் என்றார் பெரியவர். செருப்பைக்கூடப் போடாமலா..?

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஆபீசர் இப்பவே வர்றானாம். வந்து பாத்துட்டுப் போகட்டும். நீ பெட்டியைக் கட்டி வை."

"எதுக்கு மாமா..?"

"உன் புருஷன்கிட்டயே உன்னைக் கொண்டு போய் விட்டுடறேன்!"

சிரித்தார்.

*

ஜீப் வயலோரம் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். கையில் நீளமான இரும்புக் கம்பி.

"அது எதுக்கு சார்..?" பெரியவர் குரல் பிசிறியது.

"உழுத மண்ணுன்னா உள்ள இறங்கும். உழாத மண்ணு இறங்காது. அவ்வளவுதான்."

வரப்போரம் குத்தினார். ணங்! நடு வயலில் குத்தினார். ணங்! எங்கு குத்தினாலும் கம்பி விரற்கடை ஆழத்தில் நின்றது.

"புகார் பொய் போலிருக்கே..."

பின்னாலேயே வந்த அவள் வரப்பில் நின்று பார்த்தாள். அதிகாரி ஜீப் ஏறிவிட்டால் அவள் கதி..?

பெரியவர் மட்டும் மோட்டார் ரூமுக்குப் பின்னால் குடையுடன் நின்றார். வந்ததிலிருந்து அதே இடம்!

"கொஞ்சம் நகருங்க. அங்கயும் பாத்துடறேன்."

"வேண்டாம் சார்..! ஒத்துக்கறேன்! பூரா நிலத்தையும் உழுதுட்டேன்! வாங்கின மானியத்தை வட்டியோட திருப்பிக் கட்டிடறேன். நீங்க கிளம்புங்க!"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் சர்வீஸ்ல மானியத்தைத் திருப்பித் தரேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதாங்க. அதுவும் உழாத நிலத்துக்கு..! நகருங்க!"

டிரைவர் பெரியவரின் தோளைப் பிடித்து விலக்கினார்.

கம்பியை ஊன்றினார் அதிகாரி.

சரக்..!

கைப்பிடி வரை இறங்கியது. இழுத்தபோது நுனியில் மண்ணோடு ஒரு துணிக் கிழிசல். நீலக் கட்டம். அதில் தொங்கிய பட்டனை அவள்தான் சிவப்பு நூலில் தைத்திருந்தாள்.

"ஐயோ..! என் ராசா..!"

அவள் அலறி விழுந்தாள். பெரியவர் ஓடினார். டிரைவர் காலை நீட்டினார். குப்புற விழுந்தவரின் முதுகில் ஏறி உட்கார்ந்தார்.

*

போலீஸ் வந்து தோண்ட ஆரம்பித்தது. அவள் வரப்பில் சுருண்டு கிடந்தாள். அதிகாரி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஒண்ணுதாம்மா புரியல. ஏர் படாத நிலத்தை உழுததா யாரோ பொய்ப் புகார் கொடுத்திருக்காங்க. பொம்பளைக் குரலாம்..."

"நான்தான் சார். கடை போன்ல இருந்து."

அதிகாரி திகைத்தார். "நேரா போலீசுக்கே போயிருக்கலாமேம்மா..?"

இன்ஸ்பெக்டர் இருமிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நடையா நடந்தேன் சார். புருஷனைக் காணோம்னு அழுதேன். 'தானா வருவான், போ'ன்னு விரட்டினாங்க. மானியத்துல கை வெச்சுட்டாங்கன்னு ஒரே ஒரு போன்... கம்பியும் கையுமா கவர்மென்ட்டே ஓடி வந்துடுச்சு!"