நாகேஸ்வரியின் மகன் நின்ற இடம்

காலை ஒன்பது பத்துக்குக் கோகுலன் இரண்டாம் முறை காணாமற்போனான்.

முதல் முறை 2009 மே மாதம், ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடிப் பக்கம். இம்முறை வட்டக்கச்சி வாசிகசாலைக் கணினியில். அங்கே நூற்பட்டியல் மென்பொருளில் புத்தகங்களோடு போர்க்காலப் படங்களையும் ஏற்றியிருந்தார்கள். ஒரு படத்தில், முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து வெளியேறும் சனத்தின் நடுவே கோகுலன் உயிரோடு நின்றான். மறுநாள் வவுனியாவில் நடக்கும் காணாமற்போனோர் விசாரணையில் தாய் நாகேஸ்வரி காட்டவேண்டிய ஒரே சாட்சி அது. மூலப்படத்தைக் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. பிரதி எடுக்க வந்த நாகேஸ்வரி திரையைப் பார்த்தார். மகன் நின்ற இடத்தில் ஒரு பனை நின்றது.

அவர் போட்ட சத்தத்தில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் தாமாகவே திறந்துகொண்டன என்று சத்தியம் செய்ய ஆள் இருக்கிறது.

9.40. செய்தி கேட்டு, ஓய்வுபெற்ற தபாலதிபர் சிவலட்சுமி சைக்கிளில் வந்திறங்கினார். ஒட்டிய கடிதத்தை முகர்ந்தே உள்ளே சண்டையா சம்பந்தமா என்று சொல்லிவிடும் மூக்கு அவருடையது. ஒட்டுசுட்டான் யானைகள்கூட அவருக்கு வழிவிடும். அன்று அந்த மூக்கு கோபத்தில் சிவந்திருந்தது.

படத்தை யார் மாற்றியது என்று மென்பொருளில் பார்க்க முடியவில்லை. மூன்று பேர் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தார்கள்: நூலகர் தயாளினி, மென்பொருளைப் பொருத்திய பிரதாபன், வாசிகசாலைத் தலைவர் அப்புத்துரை. மூவருமே முள்ளிவாய்க்காலில் கடைசி நாள்வரை இருந்தவர்கள் என்பது ஊரறிந்த கதை. தலைவர் அதை மேடைக்கு மேடை சொல்லி அழுபவர். படத்தைத் தொடவேயில்லை என்றார்கள் மூவரும்.

சிவலட்சுமி ஒவ்வொருவரையும் தனியே அழைத்தார். சனத்துக்குப் பின்னால் மொட்டையாக நின்ற கறுப்புத் தூண்களைக் காட்டி, இவை என்ன என்று கேட்டார்.

தயாளினி உடனே சொன்னாள். "பனையள் அக்கா. ஷெல் அடிச்சுத் தலை, வட்டோட அறுந்தது."

பிரதாபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பனை. இப்பிடி ஒண்டுக்குக் கீழதான் தங்கச்சியைத் தாட்டனாங்கள்."

அப்புத்துரை கண்ணாடியைத் துடைத்தார். "கரண்ட் போஸ்ட்."

10.25. எல்லோரும் ஒரே மேசையில்.

"புதுசா முளைச்ச பனையைப் பாருங்கோ," என்றார் சிவலட்சுமி. "வட்டு, ஓலை, நுங்கு, ஒண்டும் குறையேல்லை. அந்த மே மாசம் அந்தக் கரையில தலையோட ஒரு பனை நிண்டதோ? அங்க இருந்த ஆரும் இதை வைக்கமாட்டினம். தலைவர், நீங்கள் அங்க இருக்கேல்லை."

அப்புத்துரைக்கு வேர்த்த வேர்வையில் ஒரு ஏக்கர் நெல் விளைந்திருக்கும். 2008இலேயே கொழும்புக்குப் போய்விட்டதை ஒப்புக்கொண்டார். அடுத்த கிழமைக் கண்காட்சிக்குப் பெரிய விருந்தினர் ஒருவர் வருகிறாராம். காணாமற்போனவனின் முகம் அவருக்கு உறுத்துமாம். அதனால் கொழும்பு ஸ்டூடியோ ஒன்றுக்குப் படத்தை மின்னஞ்சலில் அனுப்பி, ஆளை எடுத்துவிட்டுப் பனை வைக்கச் சொன்னாராம்.

அனுப்பிய அஞ்சலில் பழைய படம் அப்படியே கிடந்தது. பிரதாபன் திறந்தான். கோகுலன் திரும்பி வந்தான்.

பிரச்சினை முடிந்ததுதானே என்றார் அப்புத்துரை.

நாகேஸ்வரி எழுந்தார். "மாத்தின படத்தை இண்டைக்கு விடிய வாசிகசாலை முகநூலிலயும் போட்டிட்டியள். இனி என்ரை கையில இருக்கிறதைத்தான் பொய்யெண்டு சொல்லுவாங்கள். என்ரை பிள்ளை அதில நிண்டவன், நான்தான் அழிப்பிச்சனான் எண்டு நீங்கள் அங்க வந்து சொல்லவேணும்."

நாளைக்குக் கூட்டம் இருக்கிறது என்று அப்புத்துரை முனகினார்.

"வவுனியாவுக்கு ஆறரைக்கு முதல் பஸ்," என்றார் நாகேஸ்வரி. "வராட்டி, உங்கடை விருந்தினரிட்டை இந்தப் பனைக் கதையை நானே சொல்லுறன்."

மறுநாள் ஆறு மணிக்கே அப்புத்துரை சந்தியில் நின்றார்.