பெயர் கேட்காத பத்துக் கேள்விகள்

நான்காவது கேள்விக்கு வந்திருந்த பதில் கவிப்பிரியா எழுதி வைத்தவற்றில் எதுவுமே இல்லை.

உங்கள் பேச்சைக் கேட்காதவரை என்ன செய்வீர்கள் என்று கேட்டு, விட்டுவிடுவேன், சண்டை போடுவேன், பேசமாட்டேன் என்று மூன்று கொடுத்திருந்தாள். கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம். அதில் யாரோ தட்டியிருந்தார்கள்: தூங்கும்போது தலையணை வைத்து அழுத்துவேன்.

பத்து நாள் முன்பு மலைமேல் முருகன் சன்னதியில் அம்மா நிர்மலா பூ கட்டிப் போட்டுப் பார்த்தாள். வெள்ளைப் பூ வந்தால் அத்தை மகன் பிரகாஷுக்குக் கவியைக் கொடுக்கலாம். சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. அப்பா ஜெகநாதன், அக்கா பிள்ளையை விட்டு அந்நியத்தில் மாப்பிள்ளை தேடுவேனா என்று சிரித்துவிட்டுத் தேதி குறித்தார். அன்றிலிருந்து அம்மா வாய் திறப்பதே குறைந்துபோனது. கவிக்கு அந்தச் சிவப்பு முள்ளாகத் தைத்துக்கொண்டது. சாமியே வேண்டாம் என்றால் அந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது. கட்டிக்கொண்ட பிறகா அதைத் தெரிந்துகொள்வது? அதற்காகத்தான், பாவம், 'உங்கள் குணம் என்ன' என்று பத்துக் கேள்வியைத் தானே போனில் செய்து, விளையாட்டுபோலக் குடும்பக் குரூப்பில் போட்டாள். பெயர் கேட்டால் பொய் சொல்வார்கள் என்று பெயருக்கு இடமே வைக்கவில்லை. பதில்கள் தட்டத் தட்ட அவளுக்கு வந்து விழும்.

மதியம் விருந்துக்கு வந்த பிரகாஷ் அதைப் பார்த்துச் சிரித்தான். "ஆங், டீச்சரம்மா பரிச்ச வெச்சிக்கிறாங்க. எய்திட்டு வந்து மார்க்கு கேக்குறேன்." போனோடு வாசல் பக்கம் போனான்.

இப்போது உள்ளறையில் அவள் தனியாக இருந்தாள். மலையிலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு வெயிலோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது, குழம்பில் கொதித்த புளியின் வாசனை கதவிடுக்கில் வந்தது, மின்விசிறி கிறீச்சிட்டது, அதற்கெல்லாம் அடியில் கூடத்துக் கட்டிலில் அப்பாவின் குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

குறட்டை நின்றது.

கட்டில் கால் தரையில் உரசியது. நெடுநேரம். பிறகு அதுவும் இல்லை.

ஐந்தாவது பதில் விழுந்தது. நீங்கள் பொறுமையாகச் செய்யும் வேலை எது? கால் உதைப்பது நிற்கும்வரை பிடித்திருப்பது.

கவி எழுந்து கதவில் காதை வைத்தாள்.

ஆறாவது. அடுத்து என்ன செய்ய ஆசை? அரிவாள்மனையின் அலகைக் கழற்ற.

சமையலறையில் இரும்பு மரத்தில் கிறுகிறுவென்று திரும்பியது. அங்கேதான் அம்மா. கவி அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள்: பிரகாஷ் பாவாவுக்குப் புத்தி சரியில்லை, பின்பக்கமா ஓடும்மா.

உடனே பதில் வந்தது. சரி கண்ணு. நீ தாப்பா போட்டுக்கோ.

போட்டாள். பீரோவையும் இழுத்து முட்டுக்கொடுத்தாள்.

கதவு அதிர்ந்தது. பிரகாஷின் குரல். "கவி, தொற. மாமாவுக்கு மூச்சே இல்ல. அத்தையும் காணோம்."

அவள் முதுகைப் பீரோவில் அழுத்திக்கொண்டாள்.

"கவி, சொன்னா கேளு. என்னயாவது உள்ள உடு."

பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டாள். எடுத்துக்கொண்டாள்.

பூசணிக்காயைப் பிளக்கும் சத்தம். மறுபடி. எலும்பில் மாட்டிய அலகை அசைத்து அசைத்து இழுக்கும் சத்தம். மறுபடி. கதவில் நகங்கள் மேலிருந்து கீழாக இறங்கின. பாதியில் நின்றன.

போன் ஒளிர்ந்தது. பத்தாவது. உங்களுக்கு மனநிறைவு தருவது எது?

என் பெண் கதவைத் திறக்காதது.

பீரோவின் அடியிலிருந்து சூடாக ஏதோ வந்து அவள் பாதத்தைத் தொட்டது. வெளியே கண்ணாடி வளையல்கள் மெல்லக் குலுங்கின.

"தொறக்காத கண்ணு. தரை ஈரமா கீது."

கதவின் கீழே ஒரு துணி நுழைந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பொறுமையாக ஒரு இழுப்பு. துடைத்த இடம் மறுபடி சிவந்தது. துணியைப் பிழியும் சத்தம் கேட்டது. மறுபடி உள்ளே நுழைந்தது.