தம்பிக்கு ஆகாத முல்லை

சுண்டைக்காய் அளவுக்கு இருந்தாள் என்று பிறந்தபோதே அவளுக்குச் சுண்டு என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தச் சுண்டு ஒரு முல்லைக் குச்சியை நட்டபோது வீட்டில் ஒருவரும் அதை மதிக்கவில்லை. விறகுக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று அப்பா கேலி செய்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, இரண்டு முழ மண்ணில், அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்தாள். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி ஏற்றிவிட்டாள். இரண்டு வருஷத்தில் கொடி கூரைவரை போய்விட்டது. ஆனால் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை.

மூன்றாம் வருஷம் வைத்தது பாருங்கள், கொத்துக் கொத்தாக! சாயங்காலம் மொட்டு அவிழ்ந்தால் வீடு முழுக்க வாசம் தூக்கும். கேலி செய்த அப்பாவே ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். சுண்டுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதே வாரம்தான் நாலு வயசுத் தம்பிக்கு இழுப்பு வந்தது. மூச்சு விட்டால் நெஞ்சு கீச் கீச்சென்றது. டாக்டர் மருந்து கொடுத்தார். வீட்டில் ஏதோ அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, என்னவென்று பாருங்கள் என்றும் சொன்னார்.

அம்மா தேடுதல் வேட்டையில் இறங்கினாள். முதலில் பஞ்சுத் தலையணை வெளியே போனது. அப்புறம் அப்பாவின் முகப் பவுடர். கடைசியில் ஒன்றும் அறியாத பூனையை மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பாவம் எங்கே இருக்கிறது என்று சுண்டுவுக்கு மட்டும் தெரியும். தினமும் மொட்டு அவிழ்வதைக் காத்திருந்து பார்ப்பவள் அவள்தானே? அவிழ்ந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே தம்பிக்கு இழுக்க ஆரம்பிக்கும். மழை கொட்டி மொட்டெல்லாம் உதிர்ந்த அன்று அவன் கட்டிலில் குதித்து விளையாடினான்.

தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் இல்லை, மூன்று நாள். தம்பியின் முதுகைத் தடவியபடி அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நெஞ்சு குறுகுறுக்கும். கொடியைப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

நாலாம் நாள் ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்டூல் மேல் ஏறி, அவிழும் முன்பே மொட்டுகளைக் கிள்ளிப் போட்டாள். பூ போனால் போகட்டும், கொடியாவது மிஞ்சுமே! ஆனால் கூரையில் இருந்தவை கைக்கு எட்டவில்லை. எட்டாதவையெல்லாம் ஜம்மென்று அவிழ்ந்தன. அன்று தம்பியின் உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

அவர்கள் திரும்பி வந்ததும் சுண்டு வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"முல்லைதாம்ப்பா. எனக்கு முன்னாடியே தெரியும்."

அடி விழும் என்று நினைத்தாள். விழவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வேறு இடத்தில் நடலாமா என்று அவளே கேட்டாள். வேர் சுவருக்கு அடியில் ஓடிவிட்டது, தோண்டினால் பிழைக்காது என்றார் அப்பா. ஒரு குச்சியைப் பக்கத்து வீட்டில் கொடேன் என்றாள் அம்மா. அங்கே பூத்தால் மட்டும் வாசம் சுவரேறிக் குதிக்காதா என்று சுண்டுவே கேட்டாள்.

"நீ ஸ்கூலுக்குப் போனதும் நான் வெட்டிடறேன்," என்றார் அப்பா.

"வேண்டாம். நீங்க வெட்டினா ஆயுசுக்கும் உங்க மேல கோபமா இருப்பேன். நானே வெட்டறேன்."

மறுநாள் காலையில் வெட்டினாள். அடித்தண்டு கட்டை விரல் தடிமன். கத்தரிக்கு மசியவில்லை. அப்பா சின்ன ரம்பம் எடுத்துக் கொடுத்தார். அழுதுகொண்டே அறுத்தாள். தம்பிமேல் பாசம் பொங்கியதா என்று கேட்டால், இல்லை. கோபம்தான் கோபமாக வந்தது.

ஒரு வாரத்தில் பூனையும் தலையணையும் வீடு திரும்பின. தம்பி ஜன்னலில் தொற்றிக்கொண்டு வெளியே பார்த்தான்.

"பூ எங்கக்கா?"

"நீதான் தின்னுட்ட."

அவன் வாயை ஆவென்று திறந்து, நாக்கையும் தூக்கி, இல்லை பார் என்று காட்டினான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தான்.

சுண்டு சிரிக்கவில்லை. எங்கே இருமிவிடுவானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவன் சிரித்து முடித்தான். ஓர் இருமல்கூட வரவில்லை.