அழுகாத பூசணி

பூசணிக்காய் அழுகவில்லை.

தங்கள் மளிகைக் கடையைத் திறந்த அன்று காலையில், வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் இசைவாணி அதைக் கவனித்தாள். அதே கட்டடத்தில் முன்பு இருந்த பெரிய கடை மூடி எட்டு மாதமாகிவிட்டது. பெயர்ப் பலகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏசி இருந்த ஓட்டைகளில் புறாக்கள் குடித்தனம் வந்துவிட்டன. கண்ணாடிக் கதவில் படிந்த தூசியில் யாரோ விரலால் கெட்ட வார்த்தை எழுதியிருந்தார்கள். ஆனால் வாசலுக்கு மேலே, கயிற்று உறியில், திருஷ்டிக்குக் கட்டிய வெள்ளைப் பூசணி மட்டும் நேற்றுத்தான் கொடியிலிருந்து அறுத்ததுபோலச் சாம்பல் பூத்துத் தொங்கியது. சாலையைப் பார்த்திருந்த அதன் முகத்தில் வைத்த குங்குமம்கூடக் காயவில்லை.

எந்தப் பூசணியும் சில மாதத்தில் இளகிவிடும். நாற்றமெடுக்கும், சொட்டும். பட்ட கண்ணையெல்லாம் அது வாங்கிக்கொண்டது என்று சொல்லி, அமாவாசையன்று அவிழ்த்து நடுத்தெருவில் உடைத்துவிட்டு, கையோடு புதிதாக ஒன்றைக் கட்டிவிடுவார்கள். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"மாமா, இது இன்னா இன்னும் அப்டியே கீது?"

ஏணிமேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்த வீரமணி சிரித்தான். "நான் கட்டுனது வாணி. என் கை ராசி அப்டி. அழுகலன்னா கண்ணே படலன்னு அர்த்தம்."

"அவுங்க கடைக்குக் கட்டுனது நமக்கு எதுக்கு? அவுத்துடு."

"ஓசியில ஒரு வாட்ச்மேன் கெடச்சிருக்கான், அவனப் போயி தொரத்துற. சம்பளமா குடுக்கப்போற? கெடக்கட்டும் வுடு."

அவன் சிரித்தால் அவளுக்கு மேலே பேச வராது. இருவரும் இந்தக் கட்டடத்துக்குள்தான் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். அவள் பில் போடும் கவுன்டரில். அவன் குடோனில் மூட்டை தூக்குபவன். பீடி சிகரெட் தொடாதவன், அவள் வரிசையில் நிற்பதற்காகவே தினமும் வந்து "ஒரு தீப்பெட்டி" என்பான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் பெட்டியைத் திறந்தால் பாதிக்குமேல் தீப்பெட்டிகள். சாதி பார்த்து இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது அவளுக்கு ஆறு மாதம். போட்டிருந்த நகையெல்லாம் பருப்பாகவும் எண்ணெயாகவும் இந்தக் கடையின் அலமாரிகளில் அடுக்கியிருந்தது. இது நின்றால்தான் பிள்ளைக்குப் பால்.

பெரிய கடையின் கீழ்த்தளத்தில் முன்பக்கத்தை மட்டும் கட்டடக்காரர் கம்மி வாடகைக்குக் கொடுத்திருந்தார். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் மூன்று மாடியும் காலி. அங்கிருந்து ஈர அட்டையும் பழைய பெருங்காயமும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு மூச்சு, தடுப்பின் இடுக்கு வழியாக வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கச்சிராயபாளையம் சாலை அந்தக் கட்டடத்தை எப்படிப் பார்த்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெரிய கடை வந்ததும் எதிர்வரிசை மளிகைக்கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. முதலில் பூட்டியது பொன்னுரங்கத்தின் கடை. பிறகு தெரு, வந்த கூட்டத்தை நம்பிப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. பூமாலை பூக்கூடை வைத்தாள். அய்யனார் இளநீர் குவித்து அரிவாளோடு உட்கார்ந்தான். ஆட்டோக்கள் நின்றன. அப்புறம் ஒரு காலையில், முன்னறிவிப்பே இல்லாமல், சென்னையிலிருந்து பூட்டு வந்துவிட்டது. யூனிஃபார்ம் போட்ட பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். பூ வாடியது. இளநீர் முற்றியது. திறந்தபோது பட்ட கண் ஒரு வகை, மூடியபோது பட்ட கண் இன்னொரு வகை. இரண்டுக்கும் நேராக அந்தப் பூசணி தொங்கியது.

முதல் போணிக்கு வந்தவர் பொன்னுரங்கம்தான். வெளுத்த வேட்டி, நெற்றியில் திருநீறு.

"வாங்க பெரிப்பா. உங்க கையால ஆரம்பிச்சா நல்லது" என்றாள்.

"மஞ்சத்தூள் குடும்மா. மங்களமா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அண்ணாந்தார். அப்படியே நின்றார். பிறகு மனிதர் நிதானமாகக் கண்ணாடிக் கதவின் பக்கம் போய், கதவு தட்டுகிறவரைப்போல, நெற்றியால் தட்டினார்.

டொக்.

மறுபடி, கொஞ்சம் பலமாக. மறுபடி. கண்ணாடியில் திருநீறு ஒட்டியது. அடுத்த அடியில் சிவப்பு ஒட்டியது. வீரமணி பாய்ந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். மூட்டை தூக்கிப் பழகிய அந்தக் கைகளாலும் அந்தக் கிழவரை அடக்க முடியவில்லை. நெற்றித் தோல் விரிந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அவர் முகத்தில் வலியே இல்லை.

"என்னுதுதாம்மா" என்றார், அடையாளம் கண்டுகொண்டவரைப்போல. "எதிர்ல குந்திக்கினு வருசக்கணக்கா பாத்தேனே, உள்ள இருக்கறவன் மண்ட வெடிக்கணும்னு. அத்தினியும் அதுலதான் கீது. எங்கியும் போவல."

ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவள் கண்ணாடியைக் கழுவினாள். கழுவும்போது புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. சிவப்பு. குங்குமம் கரைந்து சொட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழை பெய்யவில்லை. அந்தச் சொட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

ஆனால் வியாபாரம் நடந்தது. நினைத்ததைவிட ஜாஸ்தியாகவே நடந்தது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கியவர்கள்கூட வந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் படியேறுமுன் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார்கள், கோயிலுக்குள் நுழைகிறவர்களைப்போல. தினமும் விடிந்தால் படியில் சிவப்பாக நாலு சொட்டு. ஒருநாள் அவள் துணி எடுத்து வருவதற்குள் ஒரு தெருநாய் அதை நக்கிவிட்டது. நக்கிவிட்டு, வாலைக்கூட ஆட்டாமல் சாலைக்கு நடந்துபோய், திரும்பிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸின் பின் சக்கரத்தடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அந்தச் சத்தம் பல நாள் அவள் காதிலேயே இருந்தது.

உறி இறங்கிக்கொண்டு வந்தது. கயிறு நீளவில்லை, முடிச்சு தளரவில்லை. இருந்தும் முதலில் வீரமணியின் தலைமுடியைத் தொட்டது, பிறகு நெற்றியை. சில நாள் குனிந்து போனான். அப்புறம் குனிவதை விட்டுவிட்டான். ஒவ்வொரு முறை நுழையும்போதும் நெற்றியை அதன்மேல் வைத்து, கண்ணை மூடி, ஒரு கணம் நின்றுவிட்டு வந்தான்.

"மண்ட கனமா கீது வாணி" என்றான் ஒரு மத்தியானம். "மூட்டை தூக்குறப்ப இருக்குமே, அந்த மாதிரி. எறக்கவே முடியல."

அவன் தலையை மடியில் வைத்துத் தைலம் தேய்த்தாள். தொடை மரத்துப்போகும் அளவுக்கு அது கனத்தது. வயிற்றுக்குள் பிள்ளை அந்தக் கனத்திலிருந்து விலகி, மறுபக்கமாக ஒதுங்கிக்கொண்டது.

"இந்த அமாவாசைக்கு ஒடைச்சிடு மாமா" என்றாள். "இல்லன்னா நான் இந்தக் கடைக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

"சரிடி" என்றான் குழந்தைபோல.

கார்த்திகை அமாவாசை. காலையிலேயே கச்சிராயபாளையம் பஸ்ஸில் வந்த நல்ல பூசணியாகப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்கி, சாமி படத்தடியில் வைத்தாள். கல்லுபோல இருந்தது. மலைமேல் மேகம் இறங்கி, பொழுது சாயுமுன்பே இருட்டிக்கொண்டு வந்தது. கடைகடையாகச் சாம்பிராணிப் புகை. விளக்கேற்றிவிட்டுப் புதுப்பூசணிக்குக் குங்குமம் வைக்கப் போனாள். வைத்த விரல் உள்ளே போனது. கணு வரைக்கும் போனது. கூழாக அழுகியிருந்த அதற்குள் ஏதோ நெளிந்தது.

"மாமா, வேணாம், இன்னிக்கி வேணாம்..."

அவன் அதற்குள் ஸ்டூலில் ஏறி உறியை அவிழ்த்துவிட்டான். பூசணியை இரண்டு கையாலும் தாங்கி இறங்கியபோது, கனத்தில் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. அதைப் படியில் வைத்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய தீப்பெட்டி ஒன்றை எடுத்து, உரசி, பூசணிமேல் வைத்த கற்பூரத்தை ஏற்றினான். அந்த வெளிச்சத்தில் அவளைப் பார்த்து ஒரு தரம் சிரித்தான். கவுன்டர் வரிசையில் நின்று சிரிப்பானே, அதே சிரிப்பு.

அப்போதுதான் பார்த்தாள். தெருவே வந்து நின்றது. பூமாலை, அய்யனார், ஆட்டோக்காரர்கள், பூட்டிய கடைக்காரர்கள், வேலை போன பெண்கள் பழைய யூனிஃபார்ம் புடவையில். தலையில் கட்டோடு பொன்னுரங்கம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புள்ளத்தாச்சி பாக்கக்கூடாது, உள்ள வாம்மா" என்று பூமாலை அவள் தோளை அணைத்தாள். இதமான அணைப்பு. வழக்கம்தான், சூல்கொண்டவள் பூசணி உடைப்பதைப் பார்க்கமாட்டாள். இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அவளைக் கடைக்குள் கூட்டிப்போய், பருப்பு அலமாரியைப் பார்க்க நிறுத்தினார்கள். மல்லிகை மணக்கும் ஈரக் கைகள் அவள் கண்ணைப் பொத்தின.

வெளியே பூசணி உடைந்தது. பானை உடைகிற சத்தம். ஒல்லியான, வெற்றுச் சத்தம்.

"காலி" என்றது யாரோ ஒரு குரல்.

"விதகூட இல்ல."

"எல்லாம் எங்க போச்சி?"

வீரமணியின் குரல் மட்டும் கேட்டது. "வாணி. கனம் தாங்கலடி."

அவள் திமிறினாள். கைகள் இறுகின.

பூமாலை காதோரம் கேட்டாள். "புதுசு வாங்கி வச்சியேம்மா, அது இன்னா ஆச்சி?"

"அழுகிடிச்சிக்கா. வுடுக்கா, அவரப் பாக்கணும், வுடு..."

"அய்யோ" என்றாள் பூமாலை, நிஜமான வருத்தத்தோடு. "வாசல் காலியா இருக்கக்கூடாதேம்மா."

கரண்ட் போனது. விரல்களின் இடுக்கில் தெரிந்த சிவப்பும் கறுத்தது.

டொக்.

தார்ச்சாலையில். நிதானமாக.

டொக்.

கத்தினாள். ஒரு கை அவள் வாயையும் பொத்தியது. வளையல் உதட்டில் அழுந்தியது. உப்பு. இரும்பு வாசனை.

டொக். இந்த முறை ஈரச் சத்தம்.

யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். மணம் வந்தது. யாரோ மணி அடித்தார்கள். கும்பிட்டு முணுமுணுக்கும் குரல்கள். வயிற்றில் பிள்ளை உதைத்தது. உதைத்துக்கொண்டே இருந்தது.

பிறகு அரிவாள். தினமும் கேட்கிற சத்தம். அய்யனார் இளநீர் சீவுகிற சத்தம்.

சக்.

சக்.

அமைதி.

ஸ்டூல் இழுபட்டது. யாரோ ஏறினார்கள். கயிறு கிறீச்சிட்டது. முடிச்சு இறுகியது.

கரண்ட் வந்தது.

கைகள் விலகின. பூமாலை அவள் முந்தானையைச் சரிசெய்து, கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கி, ஒரு முழம் பூவை வைத்துவிட்டாள். கடை நிறைந்திருந்தது. வாசலிலிருந்து தராசு வரைக்கும் ஒழுங்கான வரிசை. எல்லாருடைய முகமும் தெளிந்திருந்தது, காய்ச்சல் விட்டவர்களைப்போல.

"துவரம் பருப்பு அரை கிலோ குடும்மா" என்றாள் முன்னால் நின்றவள்.

கை தானாகப் போனது. அள்ளியது. தராசில் போட்டது. கண் மட்டும் மேலே போகவில்லை. போகக்கூடாது. போனது.

உறி காலியாக இல்லை.

சாலையைப் பார்த்துத் தொங்கியது. பின்பக்கம்தான் தெரிந்தது. அவள் மடியில் வைத்துத் தைலம் தேய்த்த அந்தச் சுருட்டை முடி. கயிற்றுக் கண்ணிகளில் பிதுங்கிய காது. கீழே படியில் சொட்டு. சொட்டு. வரிசையில் வந்தவர்கள் அதை மிதிக்காமல் தாண்டி வந்தார்கள்.

பொன்னுரங்கம் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கவலப்படாதம்மா" என்றார் அவளிடம், அன்பாக. "இது அழுகாது."

மழைக்காற்று மலையிலிருந்து வந்தது. கயிறு முறுக்கு அவிழத் தொடங்கியது. மெல்ல. மெல்ல. காது நகர்ந்தது. கன்னம் வந்தது. குங்குமம் வைத்த, சிதைந்த நெற்றி வந்தது.

திறந்த கண்கள் அவளைக் கண்டுகொண்டன.

உதடுகள் பிரிந்தன. சத்தமில்லாமல், தினமும் அவள் கவுன்டரில் வந்து சொன்ன அதே சொல்லுக்காக அசைந்தன.

ஒரு தீப்பெட்டி.