பதினெட்டு சென்டிமீட்டர்

ஹிஸானா பேசத் தொடங்கும் முன்பே ஒரு நோட்டையும் ஓர் ஆய்விதழையும் மேசைமேல் அருகருகே விரித்து வைத்தாள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் அந்த மாடி அறையில் வெங்கிட்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருடம் துறைமுகத்தில் நீராழம் அளந்துவிட்டுத் துப்பறிய வந்தவர். வக்கீல் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த மஞ்சுஷா, அதற்குள் பேனாவைத் திறந்திருந்தாள்.

"நாலு வருஷ உழைப்பு ஸார்," என்றாள் ஹிஸானா. "கால்வாய் ஷட்டர், அந்த மதகுக் கதவு இருக்கில்லே, தண்ணி ஒரு மட்டத்துக்கு வந்தா தானா அதிர ஆரம்பிக்கும். எந்த மட்டத்துலன்னு முன்கூட்டியே சொல்ற சமன்பாடு என்னோடது. டிசம்பர்ல கைடு ராசப்பன் ஸார்கிட்ட குடுத்தேன். ஏப்ரல்ல அவர் பேர்ல மட்டும் வந்திருக்கு."

"அவர்கிட்டயே கேட்டீங்களா?" என்றார் வெங்கிட்டு.

"தேவரா கால்வாய்ல அவரே தனியா அளந்தாராம். சரியான விடை யாருக்கும் ஒண்ணாத்தானே வரும்னு சிரிக்கிறார். வெள்ளிக்கிழமை விசாரணைக் கமிட்டி. அதுக்குள்ள அந்தக் கணக்கை வெச்சு சுள்ளிக்கல் கால்வாய்ல புது ஷட்டர் கட்ட ஆரம்பிச்சாச்சு."

மஞ்சுஷா இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிட்டாள். ஷட்டர் அதிரத் தொடங்கிய நீர்மட்டம், ஹிஸானாவின் நோட்டில் ஜூன் பத்து வரை தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். பன்னிரண்டாம் தேதி முதல் நூற்றுப்பத்து. ராசப்பனிடம் எண்பத்தெட்டு, பிறகு நூற்றாறு.

"எண்ணே ஒத்துப் போகலையே ஸாரே!"

"எண்ணைப் பார்க்காதே, தாவலைப் பார். ரெண்டுலயும் ஒரே நாள்ல பதினெட்டு."

"அது மழை ஸார்," என்றாள் ஹிஸானா. அவள் குரலில் முதல் தடவையாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "மழைக்காலத்துல ஷட்டர் கூடுதலாத் தாங்குது. அதுக்குத்தான் ஒரு திருத்தம் எழுதினேன். எல்லாரும் கொண்டாடுறது அந்தத் திருத்தத்தைத்தான்."

"நவம்பர்ல மழை ஓய்ஞ்ச பிறகும் நூத்திப்பத்துலயே நிக்குதே," என்றார் வெங்கிட்டு.

அன்று மாலையே அவரும் மஞ்சுஷாவும் ஷட்டரை ஒட்டி ஹிஸானா அளவெடுத்த படகுத்துறைக்குப் போனார்கள். நீர்மட்டப் பலகை ஒரு கல்தூணில் பொருத்தப்பட்டிருந்தது. அதன் நான்கு போல்ட்டுகளும் புதியவை. பலகைக்கு மேலே தூணில் துருவேறிய இரண்டு ஓட்டைகள். வெங்கிட்டு டேப்பை எடுத்து, பலகையின் மேல் போல்ட்டுக்கும் அந்த ஓட்டைக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்தார்: பதினெட்டு சென்டிமீட்டர். படகுக் கயிறு கட்டும் காளியை அழைத்துக் கேட்டார்.

"ஆ பலகையா? போன ஜூன் பதினொண்ணுக்கு ஒரு மோட்டார் போட்டு வந்து இடிச்சு ஸாரே. நாங்கதான் திரும்ப அடிச்சோம். பழைய ஓட்டை பிடிக்கலை, கொஞ்சம் கீழே எறக்கி அடிச்சாச்சு. ஆரும் வந்து சோதிக்கலை."

மஞ்சுஷா துள்ளாத குறைதான். "மாட்டிக்கிட்டார்! தேவராவுல எந்தப் படகு இடிச்சுதாம்?"

வெங்கிட்டு சிரிக்கவில்லை. அவர் மறுநாள் ஹிஸானாவை அழைத்து உட்காரவைத்தார்.

"சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணா வரலாம். தப்பு அப்படி வராது. பலகை பதினெட்டு சென்டிமீட்டர் இறங்கினதால, அதே தண்ணி பதினெட்டு கூடுதலாத் தெரிஞ்சது. அந்தப் பலகையைப் பார்த்து எழுதினது நீங்க ஒருத்தர்தான். அவர் எல்லா எண்ணுலயும் நாலைக் கழிச்சு எடுத்திருக்கார். இது போதும், திருடினது அவர்னு காட்ட."

ஹிஸானா நோட்டை ஜூன் பக்கத்துக்குப் புரட்டினாள்.

"அப்போ என் மழைத் திருத்தம்?"

"அது மழை இல்லைம்மா. படகு இடிச்சது."

"நான் வாயைத் திறக்காம இருந்தா?"

"புது ஷட்டர் மழையில நூத்திப்பத்து வரைக்கும் தாங்கும்னு நம்புவாங்க. அது தொண்ணூத்திரண்டுலயே ஆடும். பின்னாடி நாப்பது வீடு இருக்கு."

வெள்ளிக்கிழமை கமிட்டி அறையில் ராசப்பன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "தேவராவுல ஒவ்வொரு அளவும் நானே எடுத்தது," என்று அவர் சொல்லி முடித்ததும், வெங்கிட்டு படகுத்துறைப் புகைப்படத்தை நீட்டினார். ஓட்டைகளைக் காட்டினார், தேதியைச் சொன்னார், தாவலைச் சொன்னார். கால்மேல் போட்டிருந்த காலை ராசப்பன் இறக்கிக்கொண்டார்.

கமிட்டித் தலைவர் ஹிஸானா பக்கம் திரும்பினார். "அப்படீன்னா நீங்க கண்டுபிடிச்சதும் தப்புதானே?"

"தப்புதான் ஸார். பலகையைச் சோதிக்காம எழுதினேன். முதல்ல ஷட்டர் வேலையை நிறுத்துங்க."

வேலை அன்றைக்கே நின்றது. இரண்டு வாரம் கழித்து வந்த கடிதத்தை மஞ்சுஷாதான் உரக்கப் படித்தாள். முடிவு பிழையானது என்பதால் அது யாருடையது என்று தீர்மானிக்கத் தேவை எழவில்லை. பேராசிரியர் தம் கட்டுரையைத் தாமாகவே முன்வந்து திரும்பப் பெற்ற நேர்மையைக் கமிட்டி பாராட்டுகிறது. ஹிஸானா ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹிஸானா கடிதத்தை வாங்கித் தானே படித்தாள்.

சுள்ளிக்கல்லில் நீர்மட்டத்தை மறுபடி அளக்க ஒரு குழு அமைத்திருந்தார்கள். அதன் தலைவர் ராசப்பன்.