கண் எடுக்காமல்

“யப்பா, பனிக்குள்ள நீ ஒருத்தரப் பாத்தா, அவரும் உன்னயப் பாப்பாரா?”

ஏழு வயதில் இசக்கிசெல்வி ஒருமுறை இப்படிக் கேட்டாள். விடுப்பில் வந்திருந்த மாரிச்செல்வம், துப்பாக்கி மேல் பூட்டும், தூரத்தைக் கிட்டக் காட்டும் ஸ்கோப்பைப் பற்றி அவளிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தான். தூரத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று சிரித்தான்.

ஒன்பது வருடம் கழித்து, ஆனிச் சாரல் விழுந்த ஒரு மாலையில், மேலகரம் வீட்டு மாடியில் அந்தக் கேள்வி திரும்ப வந்தது. ராணுவத்தை விட்டு வந்தபின் ரைபிள் கிளப்புகளின் ஸ்கோப்புகளைப் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. அன்று மேசையில் இருந்த ஸ்கோப்பின் கண்ணாடி மங்கியிருந்தது. சாரல் காலத்தில் வழக்கம்தான் என்று துடைத்தான். போகவில்லை. விளக்கருகே சாய்த்துப் பார்த்தான். உட்புறத்தில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, வெள்ளை இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. ஈரமல்ல, உறைபனி.

அந்த இழைகளை அவன் முன்பு ஒரே ஒரு காலையில்தான் கண்டிருக்கிறான். மலையுச்சிக் காவல் முகாமில் ஸ்கோப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. உறையோடு வெளியிலேயே கிடக்க வேண்டும். உள்ளே வந்து சூடானால் ஈரம் படியும். திரும்ப வெளியே போனதும் அது உறைந்துவிடும். காய்ச்சலில் இருந்த மாரிச்செல்வம், குளிர்ந்த உலோகம் முகத்தில் ஒட்டுமே என்று பயந்து, அதை மண்ணெண்ணெய் அடுப்பருகே வைத்துவிட்டான்.

விடிந்ததும் சரிவில் இறங்கி, அறுந்த ஒயரைக் கட்ட வேண்டியது அவன் முறை. அதே முகாமில் இருந்த மூத்தவர், ராயகிரி ஞானதுரை, அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். “நீ இங்கனயே இருலே. நான் போறேன். கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டாப் போதும்.”

மேலே பனி விரிசல் விட்டால் விசில் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவன் கண் வைத்தபோது கண்ணாடி முழுக்க வெள்ளை இழைகள். சுரண்டி முடித்தபோது பனி சரிந்து ஓய்ந்திருந்தது; சரிவில் யாரும் இல்லை. ஸ்கோப்பைச் சூடாக்கியதை அவன் எவரிடமும் சொல்லவில்லை.

இப்போது கையிலிருந்த ஸ்கோப்பை ஜன்னல் பக்கம் திருப்பினான். குற்றால மலை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணை எடுத்தான். பச்சை மலை, தொங்கும் மேகம், தூரத்து அருவி. மறுபடி வைத்தான். புள்ளிக்குக் கைகால் இருந்தது. இறங்கி வந்துகொண்டிருந்தது.

கீழ்வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை நின்றுபோய் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. பனியைப் பூட்ஸ் மிதிக்கும் நொறுநொறுப்பு கேட்டது.

தெருமுனையில் இசக்கிசெல்வியின் குடை தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு அவள் மட்டும். கண்ணாடிக்குள், அவளுக்குப் பின்னால் ஞானதுரை. புருவமெல்லாம் பனி. அவள் தோளை நோக்கி ஒரு கை நீண்டது. அவள் நின்றாள். உடம்பை ஒடுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். நேராக இவன் கண்ணை.

“அதச் சூடாக்குனது நான்தான் அண்ணாச்சி,” என்றான் மாரிச்செல்வம். வாயிலிருந்து புகை வந்தது. “பிள்ளைய விட்டுருங்க. இந்தத் தடவ கண்ண எடுக்க மாட்டேன்.”

கை தாழ்ந்தது. அவர் திரும்பிச் சரிவில் ஏறத் தொடங்கினார்.

கீழே கேட் திறந்தது. “ரோட்டுல என்னா குளிருப்பா,” என்றபடி அவள் குடையை உதறும் சத்தம். அவர் தலைக்கு மேலே பனியில் ஒரு விரிசல் கோடு ஓடியது.

விசில் அடித்தான்.

அவர் ஒதுங்கினார். பனி அவரைக் கடந்து சரிந்தது. அவர் ஏறினார். இன்னும் நெடுந்தூரம் இருந்தது.

ஸ்கோப்பின் வளையம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி இப்போது தெளிவாக இருந்தது. அவன் விழியின் ஓரத்திலிருந்து, நடுவை நோக்கி, மெல்ல வெள்ளை இழைகள் படரத் தொடங்கின.

அவன் கண்ணை எடுக்கவில்லை.