அணைத்தால் தெரிவது

பெட்டி நேராக உள்ளே வரவில்லை. கடையிலிருந்து வந்த இரண்டு பேரும் அதைப் பக்கவாட்டில் சாய்த்து, செருப்பு அலமாரியை நகர்த்தி, "மெதுவாப்பா, மெதுவா, கண்ணாடி" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நுழைத்தார்கள். கூடத்தின் நடுவே வைத்தபோது, நடக்க வழியில்லாமல் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது அது.

"அம்மா, இதுக்குள்ள நான் படுத்துக்கலாம்" என்றாள் குட்டி.

பால்பல் ஆடத் தொடங்கியிருக்கும் வயது அவளுக்கு. எதைப் பார்த்தாலும் அதற்குள் படுத்துப் பார்க்க வேண்டும்.

டிவி வாங்கியது தாத்தாவுக்காக. வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, பழைய டிவியின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கத்தான் செய்தி பார்ப்பார். லிஃப்ட் மெக்கானிக்கான மகனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "எங்கப்பா சோபால சாஞ்சு, கால் மேல கால் போட்டுப் பார்க்கணும்" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிவிட்டான்.

மருமகளுக்கு மட்டும் அந்த அளவு கொஞ்சம் உறுத்தியது. "இத்தனை பெரிசு தேவையாங்க? இது டிவியா, சுவரா?"

"வாங்கற அன்னிக்குத்தான் பெரிசாத் தெரியும். நாலு நாள் போனா இன்னும் பெரிசா வாங்கியிருக்கலாம்னு நீயே சொல்லுவே."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். காலையில் போனால் சாப்பாட்டு நேரம் தாண்டித் திரும்புவாள். ஊசி, ரத்தம், மயங்கி விழுகிற ஆட்கள் என்று எதற்கும் அசையமாட்டாள். "உனக்கு நெஞ்சுக்குள்ள இருக்கறது இதயமில்லை, ஐஸ் பெட்டி" என்று கணவன் கேலி செய்வான்.

கடை ஆட்கள் சுவரில் துளை போட்டார்கள். வீடு பழையது, இவர்கள் வாடகைக்கு வந்து வருஷம் ஒன்றுகூட ஆகவில்லை. காரை பொலபொலவென்று உதிர்ந்தது. கடைசித் துளையில் டிரில் சட்டென்று உள்ளே வழுக்கிப் போக, பிடித்திருந்தவர் தோள் சுவரில் மோதியது.

"என்னண்ணே, உள்ள காலியா இருக்கு?" என்றார் அவர். விரலை வைத்துப் பார்த்தார். "தூசியும் ஈரமா வருது."

"தண்ணிக் குழாய் ஏதாவது போவுதா?" என்றார் இருவரில் மூத்தவர்.

"இந்தச் சுவத்துல எங்க குழாய்?"

ஈரமண் வாடை கூடத்தில் பரவியது. மூத்தவர் துளையை அடைத்துத் திருகாணியை முடுக்கினார். டிவியை மாட்டியதும் துளையும் மறைந்தது, வாடையும் மறந்துபோயிற்று. அன்று மாலை மாமனார் சோபாவில் சாய்ந்து, செய்தி வாசிப்பவரின் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணினார். மகன் முகத்தில் சிரிப்பு வழிந்தது.

மறுநாள் வேலையிலிருந்து வந்து கூடத்தைப் பெருக்கும்போதுதான் மருமகள் அதைக் கவனித்தாள்.

அணைத்துக் கிடந்த டிவியில் வீடு முழுவதும் தெரிந்தது. பழைய டிவியில் அப்படித் தெரியாது. ஏதோ மங்கலாக ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியாக விழும், அவ்வளவுதான். இதிலோ சோபா, சாப்பாட்டு மேசை, அதற்குப் பின்னால் சமையலறைக்குப் போகும் இடைவழி, எல்லாம் கறுப்புத் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோலத் துலக்கமாக இருந்தன. துடைப்பத்தோடு குனிந்த அவளும் இருந்தாள்.

இடைவழியில் ஒருத்தி நின்றிருந்தாள்.

மருமகள் திரும்பினாள். இடைவழி காலி. கொடியில் ஒரு புடவை தொங்கிக்கொண்டிருந்தது. 'சரி, இதுதான்' என்று பெருக்குவதைத் தொடர்ந்தாள். புடவையை மடித்து உள்ளே வைத்த பிறகும் அவள் மறுபடி டிவி பக்கம் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அதன்பிறகு மாமனார் டிவி போடுவதைக் குறைத்துக்கொண்டார். அவள் திரும்பி வரும்போதெல்லாம் அணைத்த டிவிக்கு எதிரே, தொடையில் கை வைத்து, ரொம்பக் கவனமாக உட்கார்ந்திருப்பார். சில சமயம் தலையை ஆட்டி ஏதோ முணுமுணுப்பார். ஒருநாள் அவள் ரிமோட்டை எடுத்தாள்.

"போட்டு விடட்டுமா மாமா?"

"வேணாம்மா."

"படம் சரியாத் தெரியலையா?"

"போட்டாத்தான் கண்ணு கூசுது. அணைச்சா நல்லாத் தெரியுது."

அவள் கையில் ரிமோட் அப்படியே நின்றது.

"என்ன மாமா தெரியுது?"

அவர் பேருந்தில் ஓர் ஆள் ஏறுவதற்கு இடம் விடுகிறவர்போல, சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவள் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். கண் கேட்கவில்லை.

டிவிக்குள் இடைவழியில் இப்போது யாரும் இல்லை. சாப்பாட்டு மேசையில், சுவரோர நாற்காலியில், அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி படிய வாரியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. மடியில் இரண்டு உள்ளங்கைகளும் மேல்நோக்கி விரிந்திருந்தன, எதையோ கொடுங்கள் என்று காத்திருப்பதுபோல.

திரும்பினாள். மருமகளின் பின்னால் நாற்காலி காலியாக, மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தது.

மறுபடி டிவியைப் பார்த்தாள்.

அதில் நாற்காலி வெளியே இழுபட்டிருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். அவன் எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்று, நாக்கை நீட்டி, கையை ஆட்டிப் பார்த்தான்.

"எனக்கு என் தொப்பைதான் தெரியுது."

"விளையாடாதீங்க. மாமா அதோட பேசறாரு."

"வயசானவர், தனியா இருக்கார். பேச்சுத்துணைக்கு நாமளா இருக்கோம்? ஆளுக்கொரு பக்கம் ஓடறோம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "ஐஸ் பெட்டி, நீயா பயப்படறே?"

அவள் பெரிய போர்வை ஒன்றை எடுத்துவந்து டிவியின்மேல் போட்டு மூடினாள். அவனும் தடுக்கவில்லை. அப்பாவை ராஜா மாதிரி உட்காரவைக்க ஆசைப்பட்டு வாங்கியதைப் போர்வை போட்டு மூடவேண்டி வந்ததில் அவனுக்கு வருத்தம்தான்.

மறுநாள் திரும்பி வந்தபோது போர்வை சோபாவின் கைப்பிடியில், நான்காக மடித்து, சுருக்கம் நீவி வைக்கப்பட்டிருந்தது.

"ஏன் மாமா எடுத்தீங்க?"

"நான் எங்கம்மா எடுத்தேன்? எனக்கு மடிக்கத் தெரியுமா?" என்றார் அவர். பிறகு, வீட்டுக்கு வந்தவர்கள் காதில் விழக்கூடாதே என்பதுபோல மெல்லச் சொன்னார். "அவங்களுக்கு அது பிடிக்கலைபோல."

அப்போதுதான் அந்த வாடை மறுபடி வந்தது. ஈரமண். பல வருஷம் மூடிக்கிடந்ததைத் திறந்தால் வருகிற குளிர்ந்த வாடை.

அன்றே கணவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிடுகிறேன் என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

ஞாயிறு வருவதற்குள் மழை வந்தது.

வானம் பகலிலேயே இருண்டு, தெரு முழுக்கத் தண்ணீர். ஆய்வுக்கூடத்தில் கூட்டம் இல்லையென்று சீக்கிரம் விட்டார்கள். பள்ளிக்கூட வேன் குட்டியை முன்னதாகவே இறக்கிவிட்டுப் போயிருந்தது. வாசலில் அவளுடைய சின்ன ஷூ இரண்டும் நனைந்து கிடந்தன. கதவைத் திறந்தபோது வீட்டில் மின்சாரம் இல்லை. ஃபிரிட்ஜ் ஓசைகூட இல்லாத அமைதி.

"குட்டி?"

"இங்க இருக்கேம்மா."

கூடத்து ஜன்னலிலிருந்து சாம்பல் வெளிச்சம் கசிந்தது. மாமனார் சோபாவின் ஒரு கோடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மறுகோடியில் குட்டி. காலை ஆட்டிக்கொண்டு, முதுகைப் பின்னால் சாய்த்து, சௌகரியமாக.

குட்டியின் முதுகு சோபாவைத் தொடவில்லை.

மருமகளுக்கு முதலில் அது புரியவில்லை. சோபாவின் முதுகுக்கும் பிள்ளையின் முதுகுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. பிள்ளை அந்தக் காற்றின்மேல் சாய்ந்திருந்தாள்.

மெல்ல டிவியைப் பார்த்தாள்.

குட்டி அந்தப் பெண்ணின் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

விரிந்திருந்த அந்த உள்ளங்கைகள் இப்போது விரியவில்லை. பிள்ளையின் வயிற்றுக்குக் குறுக்கே கோத்து மூடியிருந்தன.

கத்தினாளா என்று அவளுக்கு நினைவில்லை. ஒரே பாய்ச்சலில் போய்ப் பிள்ளையை அள்ளித் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். ஐஸ் கட்டியைத் தூக்கியதுபோல அப்படியொரு குளிர்ச்சி. குட்டியின் கண்கள் திறந்திருந்தன, இமைக்கவில்லை.

"குட்டி! அம்மாவைப் பாரு! பாரும்மா!"

டிவியில், ஒருத்தி வெறும் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அது மருமகளேதான்.

குட்டி இன்னும் அந்த மடியில் இருந்தாள்.

கையிலிருந்த உடம்பு கனத்துக்கொண்டே போனது. உதடு நீலம் பாரித்தது. எத்தனை பேருடைய நாடியைப் பிடித்துப் பார்த்த விரல்கள்! அந்தச் சின்ன மணிக்கட்டில் எங்கே தொட்டாலும் துடிப்பு கிடைக்கவில்லை.

"மாமா!" என்றாள். "மாமா, ஏதாவது பண்ணுங்க... பிள்ளைய வாங்கிக் குடுங்க..."

அதுவரை அசையாதிருந்தவர் எழுந்தார். மங்கிய கண்களோடு மெல்ல நகர்ந்து, டிவிக்குப் பக்கத்தில் போய், பழைய பழக்கப்படி மூக்கு இடிக்க நின்றார். அவர் மூச்சு அந்தக் கறுப்பில் ஆவியாகப் படிந்தது.

"தாயி," என்றார் கிசுகிசுப்பாக. "துணைக்குன்னுதானே நான் இடம் விட்டேன். இது பச்சப் பிள்ளை. விட்டுரும்மா."

டிவிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம்.

"நான் வரேன். எனக்கென்ன, இறங்கற இடம் வந்தாச்சு. பிள்ளைய விடு."

திரும்பி வந்தார். சோபாவில், குட்டி இருந்த அதே இடத்தில், பயணம் புறப்படுகிறவர்போல வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

கோத்திருந்த கைகள் பிரிந்தன.

மருமகளின் தோளில் ஒரு சூடான மூச்சு இறங்கியது. குட்டி வீறிட்டு அழுதாள். டிவியில் அவள் கைகளுக்குள் பிள்ளை இருந்தாள், காலை உதைத்துக்கொண்டு, முழுசாக.

"மாமா... மாமா, வந்துட்டா! குட்டி வந்துட்டா!"

மாமனாரின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தொட்டுப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் டிவியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஒரு கை இருந்தது.

குட்டியின் முகத்தைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

மாரடைப்பு என்றார் டாக்டர். தூங்குவதுபோலப் போய்விட்டார், கொடுத்துவைத்தவர் என்றார்கள் வந்தவர்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு கணவன் திருப்புளியோடு டிவிக்கு முன்னால் போய் நின்றான். அவள் இடைவழியிலேயே நின்றுவிட்டாள். வெகுநேரம் அவன் அசையவில்லை. அவன் முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. நீ வராதே."

"தெரியுறாரா?"

அவன் போர்வையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, அதன்மேல் போர்த்தினான். அன்றைக்கு அவன் என்ன பார்த்தான் என்று இதுவரை சொன்னதில்லை. கழற்றியதை ஊருக்கு வெளியே கொண்டுபோய், பள்ளத்தில் போட்டு, பாறாங்கல்லால் அடித்துத் தூளாக்கிவிட்டு வந்தான். கை முழுக்க வெட்டுக்காயம். அவள் அவற்றைக் கழுவிக் கட்டுப்போட்டாள்.

அந்த மாதமே வீட்டையும் மாற்றினார்கள். புது வீடு இரண்டாவது மாடியில், நாலாபக்கமும் வெயில் விழுகிற வீடு. டிவி வாங்கவில்லை. குட்டிக்கு அந்த மழைநாள் சுத்தமாக நினைவில்லை. தாத்தா தூங்கும்போது சாமிகிட்ட போய்ட்டார் என்று எல்லோரிடமும் சொல்வாள். பல் விழுந்து புதுப்பல் முளைத்தது. பக்கத்து வீட்டில் சிநேகிதி கிடைத்தாள். மருமகளுக்கும் மெல்லத் தூக்கம் திரும்பியது. சமையலறையில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கணவன் கதவோரமே நின்றுவிட்டான்; அவள் பாடி எத்தனை நாளாயிற்று!

புதுப் பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்குப் போட்டோ கேட்டார்கள். கடைத்தெரு மாடியில் ஒரு ஸ்டூடியோ. குட்டிக்குத் தலைவாரி, கழுத்துப் பட்டையைச் சரிசெய்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, மருமகள் குடையும் கையுமாகப் போட்டோக்காரருக்குப் பின்னால் வந்து நின்றாள். விளக்குகள் எரிந்தன. பட்டப்பகல்போல வெளிச்சம்.

"பாப்பா, முகத்தைக் கொஞ்சம் தூக்கு. ஆங், அப்படித்தான். சிரிக்கக்கூடாது."

குட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, கையை மட்டும் நீட்டி ஒதுங்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"அம்மா, நீங்க பாப்பா தோள்ல இருந்து கையை எடுத்துட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல விழுது."